மறைசாட்சி தேவசகாயம்

தேவசகாயம் (ஏப்ரல் 23, 1712 – ஜனவரி 14, 1752) திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய அதிகாரியும், கிறித்தவ நம்பிக்கைக்காக உயிர் நீத்தவர் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டுள்ள மறைசாட்சியும் ஆவார். இவரது இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து மனம் கலங்கியிருந்த காலத்தில், விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றைக் கேட்டுக் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1745ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றார். 1749ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டபின் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு இவரைப் புனிதராக அறிவித்தார். துறவு வாழ்வை மேற்கொள்ளாத இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலை பெற்ற முதல் மறைசாட்சி இவரே.

பிறப்பும் பணியும்

நீலகண்ட பிள்ளை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்னும் ஊரில் நாயர் குடும்பமொன்றில் பிறந்தார். இப்பகுதி அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளே தமிழ்நாட்டுடன் இணைந்தது. இவருடைய தந்தை வாசுதேவன் நம்பூதிரி; தாய் தேவகி அம்மாள். அக்கால நாயர் குடும்பங்களின் மருமக்கள்தாய முறைப்படி இவர் தாய்வழிக் குடும்பத்தில் வளர்ந்தார். பார்கவி அம்மாள் என்பவரை மணந்தார்.

திருவிதாங்கூரின் தலைநகராக அப்போது விளங்கிய பத்மநாபபுரத்தில், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அதிகாரிகளுள் ஒருவராக இவர் பணிபுரிந்தார். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோவில் நிர்வாகத்திலும் இவருக்குப் பொறுப்பு இருந்தது. குடும்பச் செல்வாக்கு, அரசுப் பணி, கோவில் பொறுப்பு ஆகிய மூன்றும் சாதியைச் சார்ந்தே அமைந்திருந்தன. எனவே மதம் மாறும் ஒருவர் இம்மூன்றையும் ஒருசேர இழக்க நேரிடும்.

இழப்புகளும் யோபுவின் வரலாறும்

1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் நடந்த குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையைத் தோற்கடித்தது. சிறைப்பட்டவர்களுள் ஒருவரான யூஸ்டேசியஸ் டிலனாய் பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்ததுடன் கோட்டைகளைச் சீரமைக்கும் பணியையும் மேற்கொண்டார். கத்தோலிக்கரான இவருடன் நீலகண்ட பிள்ளைக்கு அலுவல் காரணமாகப் பழக்கம் ஏற்பட்டது.

இக்காலத்தில் நீலகண்ட பிள்ளையின் குடும்பத்தில் கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. மனம் சோர்ந்திருந்த அவரிடம் காரணம் கேட்டறிந்த டிலனாய், விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று திருச்சபை வரலாறு கூறுகிறது.

யோபு நூல் 42 அதிகாரங்களைக் கொண்டது. ஊசு என்னும் நாட்டில் வாழ்ந்த யோபு நேர்மையாளர். அவருக்கு ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் இருந்தனர். 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் 500 ஏர் மாடுகளும் 500 கழுதைகளும் அவருக்குச் சொந்தமாயிருந்தன. பயன் கருதியே அவர் கடவுளுக்கு அஞ்சி நடக்கிறார் என்று சாத்தான் குற்றம் சாட்டுகிறான். பின்னர் யோபு தம் உடைமைகளையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் அடுத்தடுத்து இழக்கிறார். அவரைக் காண வரும் நண்பர்கள், துன்பம் பாவத்திற்குக் கிடைக்கும் தண்டனை என்று வாதிடுகின்றனர். யோபு அதை ஏற்பதில்லை. தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளிடமே முறையிடுகிறார், ஆயினும் கடவுளை விட்டு விலகுவதில்லை. இறுதியில் சூறாவளியின் நடுவிலிருந்து கடவுள் பேசுகிறார். துன்பத்துக்கான காரணத்தை அவர் விளக்குவதில்லை. எனினும் யோபுவைக் குற்றம் சாட்டிய நண்பர்களைக் கண்டிக்கிறார். யோபு இழந்த செல்வம் இருமடங்காகத் திரும்பக் கிடைக்கிறது.

இழப்பு நேர்ந்ததால் ஒருவர் கடவுளால் கைவிடப்பட்டவர் ஆகிவிடுவதில்லை என்பது இவ்வரலாறு உணர்த்தும் கருத்து. இதைக் கேட்டு ஆறுதல் அடைந்த நீலகண்ட பிள்ளை, கிறித்தவ சமயம் பற்றி மேலும் அறிய விரும்பினார்.

திருமுழுக்கு

அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்ததும், இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளதுமான வடக்கன்குளத்தில் இயேசு சபையினர் பணியாற்றி வந்தனர். அங்கு, தமிழில் பரஞ்சோதிநாதர் என்று அழைக்கப்பட்ட இத்தாலியக் குருவாகிய ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரியிடம் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். "கடவுள் உதவினார்" என்று பொருள்படும் லாசர் என்ற விவிலியப் பெயர் அவருக்கு இடப்பட்டது. அதன் தமிழ் வடிவமே தேவசகாயம் என்பதாகும். அவருடைய மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயரை ஏற்றார். இது தெரேசா என்ற பெயருக்கு இணையாக வழங்கப்பட்டது.

திருமுழுக்குப் பெற்றபின் தேவசகாயம் பிற சாதியினருடன் வேறுபாடின்றிப் பழகினார் என்றும், மக்கள் அனைவரும் சமம் என்பதை வலியுறுத்திப் பேசினார் என்றும் திருச்சபை வெளியிட்டுள்ள வாழ்க்கைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. இது உயர்சாதியினர் சிலரின் பகைமையைத் தேடித் தந்தது.

கைதும் காவலும்

1749ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அரசுக்கு எதிராகச் செயல்பட்டார் என்பது உள்ளிட்ட குற்றங்கள் அவர்மீது சாட்டப்பட்டன. பதவி பறிக்கப்பட்டது.

அவர் அனுபவித்த துன்பங்கள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் திருச்சபை மரபு வழியாகவே கிடைக்கின்றன. அவற்றின்படி, கைகள் கட்டப்பட்ட நிலையில் எருமையின்மீது பின்புறம் நோக்கி அமர்த்தப்பட்டு அவர் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார். நாள்தோறும் அடிக்கப்பட்டார். காயங்களில் மிளகாய்ப் பொடி தூவப்பட்டது. கடும் வெயிலில் நிறுத்தப்பட்டார். தேங்கிய அழுக்கு நீரே குடிக்கக் கொடுக்கப்பட்டது. பெருவிளை என்னும் ஊரில் ஏழு மாதங்கள் வேப்பமரம் ஒன்றில் கட்டிவைக்கப்பட்டார். அங்கு அவரைக் காணவும் அவரது வேண்டுதலை நாடவும் மக்கள் வரத் தொடங்கியதால், பின்னர் ஆரல்வாய்மொழிக்கு மாற்றப்பட்டார்.

சோதனையின் தன்மை

கிறித்தவ ஆன்மிகத்தில் "நம்பிக்கைச் சோதனை" என்பது, கடவுளை நம்பியிருப்பதால் எந்த நன்மையும் புலப்படாத நிலையிலும் அந்நம்பிக்கையில் நிலைத்திருக்க வேண்டிய கட்டத்தைக் குறிக்கும். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய திருமுகம் (5:11) இதற்கு எடுத்துக்காட்டாக யோபுவின் பொறுமையைக் குறிப்பிடுகிறது. யோபுவின் வரலாற்றைக் கேட்டுக் கிறித்தவரான தேவசகாயத்தின் வாழ்வு, யோபுவின் வாழ்விலிருந்து மூன்று வகைகளில் வேறுபட்டிருந்தது.

முதலாவது, துன்பத்தின் காரணம். யோபுவின் இழப்புகளுக்கு அவருடைய செயல் எதுவும் காரணமாகவில்லை. தேவசகாயத்தின் முதல் இழப்புகளும் அத்தகையனவே. ஆனால் பின்னர் அவர் பதவியையும் உறவினரையும் இழந்ததற்கு அவர் ஏற்ற நம்பிக்கையே காரணமாயிற்று என்பது திருச்சபையின் கூற்று. ஆறுதல் தேடி வந்த சமயமே, எஞ்சியிருந்தவற்றையும் இழக்கச் செய்தது.

இரண்டாவது, விடுபடும் வழி. யோபுவுக்குத் துன்பத்தை நிறுத்தும் வழி ஏதும் தெரியாது. தேவசகாயத்துக்கோ, பழைய சமயத்துக்குத் திரும்பினால் விடுதலையும் பதவியும் கிடைக்கும் என்று கூறப்பட்டதாகத் திருச்சபை வரலாறு குறிப்பிடுகிறது. எனவே அவருடைய உறுதி ஒருநாள் எடுத்த முடிவோடு நின்றுவிடவில்லை. காவலில் இருந்த காலமெல்லாம் அம்முடிவை அவர் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, முடிவு. யோபு தம் வாழ்நாளிலேயே இழந்தவற்றைத் திரும்பப் பெற்றார். தேவசகாயம் எதையும் திரும்பப் பெறவில்லை. கடவுளின் உதவியைக் குறிக்கும் பெயரைத் தாங்கியிருந்தும், அவ்வுதவி விடுதலையாக வரவில்லை. கிறித்தவக் கொள்கைப்படி, சிலுவையில் இறந்த இயேசு உயிர்த்தெழுந்தார் என்னும் நம்பிக்கையே இத்தகைய முடிவுக்குப் பொருள் தருகிறது. கடவுள் உதவுவார் என்பதைத் துன்பத்திலிருந்து தப்புவித்தல் என்ற அளவில் மட்டும் கிறித்தவம் புரிந்துகொள்வதில்லை. துன்பத்தின் ஊடே கைவிடாதிருத்தலும் அதில் அடங்கும்.

இறப்பு

1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகில் உள்ள காற்றாடிமலையில் தேவசகாயம் படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. இறக்குமுன் மன்றாடுவதற்கு நேரம் கேட்டு, பாறையொன்றின்மீது முழந்தாளிட்டு வேண்டினார் என்பது மரபு. காட்டில் எறியப்பட்ட அவருடைய உடலின் எஞ்சிய பகுதிகளைச் சில நாள்களுக்குப் பின் கிறித்தவர்கள் கண்டெடுத்து, நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மாள் தம் எஞ்சிய நாள்களை வடக்கன்குளத்தில் கழித்தார் என்று கூறப்படுகிறது.

வரலாற்றுக் கருத்து வேறுபாடு

தேவசகாயம் கொல்லப்பட்டதன் காரணம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. மதம் மாறியதற்காகத் திருவிதாங்கூரில் எவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டதற்கு அரசு ஆவணம் இல்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறியுள்ளனர். டிலனாய் கிறித்தவராக இருந்துகொண்டே மன்னரிடம் உயர்பதவி வகித்ததும், அரசில் கிறித்தவ ஆலயங்கள் இயங்கி வந்ததும் இக்கருத்துக்கு ஆதரவாகக் காட்டப்படுகின்றன.

வெளிநாட்டவரோ, பிற சாதியினரோ கிறித்தவராக இருப்பதும், கோவில் பொறுப்பில் இருந்த உயர்சாதி அதிகாரி ஒருவர் கிறித்தவராக மாறுவதும் ஒன்றல்ல என்பது மறுதரப்பின் வாதம். தேவசகாயம் காவலில் இருந்த 1750ஆம் ஆண்டிலேயே மார்த்தாண்ட வர்மர் தம் அரசை பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கி, இறைவனின் அடியாராக ஆட்சி செய்யத் தொடங்கினார். சமயமும் அரசும் இவ்வாறு நெருங்கியிருந்த சூழலில், அதிகாரியொருவரின் மதமாற்றம் அரசுக்கு எதிரான செயலாகவும் கருதப்பட்டிருக்கக்கூடும்.

இக்கேள்வி திருச்சபைக்கும் முதன்மையானது. ஒருவரை மறைசாட்சியாக அறிவிக்க வேண்டுமாயின், அவர் கொடுமையாகக் கொல்லப்பட்டார் என்பது மட்டும் போதாது. நம்பிக்கையின்மீது கொண்ட வெறுப்பால் கொல்லப்பட்டார் என்பதும் நிறுவப்பட வேண்டும்.

புனிதர் நிலை

தேவசகாயத்தின் இறப்புக் குறித்துக் கொச்சி ஆயர் 1756ஆம் ஆண்டு உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். எனினும் புனிதர் பட்டத்துக்கான முறையான நடவடிக்கைகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலேயே கோட்டாறு மறைமாவட்டத்தில் தொடங்கின.

2012, ஜூன் 28: அவர் மறைசாட்சியாக இறந்தார் என்பதை ஏற்கும் ஆணைக்குத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதல் அளித்தார்.

2012, டிசம்பர் 2: நாகர்கோவிலில் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ தலைமையில் நடைபெற்ற நிகழ்ச்சியில் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

2020, பெப்ரவரி 21: அவருடைய பரிந்துரையால் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட புதுமை ஒன்று ஏற்கப்பட்டது.

2022, மே 15: வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்தில் மேலும் ஒன்பது பேருடன் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சாதி வேறுபாட்டை ஏற்காதவர் என்று போற்றப்படும் ஒருவரின் பெயரில் சாதிப் பட்டம் இடம்பெறுவது பொருந்தாது என்று எதிர்ப்பு எழுந்தது. இதையடுத்து, புனிதர் பட்ட நிகழ்வில் "பிள்ளை" என்ற பட்டம் நீக்கப்பட்டு அவர் பெயர் தேவசகாயம் என்றே வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 14ஆம் நாள் அவரது திருவிழா கொண்டாடப்படுகிறது.

நினைவிடங்கள்

நட்டாலம்: பிறந்த ஊர்.

வடக்கன்குளம்: திருமுழுக்குப் பெற்ற இடம்.

புலியூர்க்குறிச்சி: தாகத்தால் வாடிய தேவசகாயம் வேண்டிக்கொண்டு முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்பது மரபு. இவ்விடம் முட்டிடிச்சான்பாறை எனப்படுகிறது. டிலனாய் சீரமைத்த உதயகிரிக் கோட்டையும் அவரது கல்லறையும் இவ்வூரிலேயே உள்ளன.

பெருவிளை: வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்ட இடம்.

காற்றாடிமலை: உயிர் நீத்த இடம். அவர் இறந்தபோது பாறையொன்று பெயர்ந்து விழுந்து மணியோசை எழுப்பியதாகக் கூறுவர். அது மணியடிச்சான் பாறை என்று அழைக்கப்படுகிறது.

கோட்டாறு: கல்லறை அமைந்துள்ள புனித சவேரியார் பேராலயம்.

நாட்டுப்புறக் கலையில்

தேவசகாயத்தின் வரலாறு தென்தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் நாடகமாக நடிக்கப்பட்டு வந்துள்ளது. இலங்கையில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்து மரபிலும் "தேவசகாயம்பிள்ளை" கூத்து இடம்பெற்றுள்ளது. திருச்சபை அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே, பொதுமக்கள் அவரது நினைவை இக்கலைகள் வழியாகவும் கல்லறை வணக்கம் வழியாகவும் காத்து வந்தனர்.