மைனஸ் 6: ஒரு சாம்பியன் அணியின் கணக்கு

இன்னைக்கு ஒரே ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டுப் பேசப்போறேன். மைனஸ் 6.

2011 சீசன்ல நியூயார்க் ஜயன்ட்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் அணி 16 லீக் ஆட்டங்கள்ல எடுத்த புள்ளிகள் 394. எதிரணிகளுக்கு விட்டது 400. வெற்றி 9, தோல்வி 7. இந்த அணிதான் அந்த சீசனோட சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கியது. லீக்ல எடுத்ததைவிட அதிகம் கொடுத்த ஒரு அணி சூப்பர் பௌல் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. கிரிக்கெட் பாஷையில சொன்னா, நெட் ரன் ரேட் மைனஸ்ல இருக்கிற அணி கப் அடிச்ச மாதிரி.

அப்போ இது வெறும் அதிர்ஷ்டமா? ஸ்கோர்களை வாரம் வாரமா எடுத்துப் பார்ப்போம்.

முதல் 8 ஆட்டங்கள்ல 6 வெற்றி. எட்டாவது வெற்றியா வேணாம், அந்த எட்டாவது ஆட்டத்தையே பாருங்க: பேட்ரியட்ஸை அவங்க ஊர்லயே 24-20. அதுக்கப்புறம் வரிசையா 4 தோல்வி. நியூ ஆர்லியன்ஸ்ல போய் 49 புள்ளிகள் வாங்கிட்டு வந்தாங்க. டிசம்பர் 4 அன்னைக்கு, அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத கிரீன் பே பேக்கர்ஸ்கிட்ட 38-35. இப்போ 6-6. 65 வயசு கோச் டாம் கஃப்லினை அனுப்பிடணும்னு குரல் கிளம்பிடுச்சு. அந்த நாலு ஆட்டங்கள்ல மட்டும் 42 புள்ளிகள் நஷ்டம். மீதி 12 ஆட்டங்கள்ல 36 லாபம். மைனஸ் 6 வந்த வழி இதுதான்.

அடுத்த வாரம் டல்லஸ். ஆட்டம் முடிய ஆறு நிமிஷம்கூட இல்லை, 12 புள்ளிகள் பின்னாடி. குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் அணியை 37-34க்குக் கொண்டு வந்தார். கடைசி நொடிகள்ல டல்லஸ் அடிச்ச கிக் உள்ளேயே போயிடுச்சு. ஆனா பந்தை உதைக்கிறதுக்குச் சற்று முன்னாடி ஜயன்ட்ஸ் டைம் அவுட் கேட்டிருந்தாங்க, அதனால செல்லாது. மறுபடி அடிச்ச கிக்கை ஜேசன் பியர்-பால் கையால தடுத்தார். அங்கே அதிர்ஷ்டம் இருந்துச்சு, மறுக்கல. அதுக்கு அடுத்த வாரமே, அந்த வருஷம் மொத்தமே 5 ஆட்டம் ஜெயிச்ச வாஷிங்டன்கிட்ட 23-10னு தோத்தாங்க!

என் வேலை சாஃப்ட்வேர். ஒரு சிஸ்டம் எப்படி ஓடுதுன்னு கேட்டா நாங்க முழு மாசச் சராசரியை மட்டும் பார்க்க மாட்டோம். இடையில என்ன மாறுச்சுன்னு பார்ப்போம். ஜயன்ட்ஸை அப்படிப் பிரிச்சா, முதல் 14 ஆட்டங்கள்ல விட்டது 372 புள்ளிகள். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 27. லீக்கோட கடைசி 2 ஆட்டங்கள், பிளேஆஃப்ல 4, ஆக 6 ஆட்டங்கள்ல விட்டது 84. ஆட்டத்துக்குச் சரியா 14.

மாறினது தற்காப்புதான். இந்த அணியோட பலமே எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துற முன்வரிசை. அதுல ஓசி உமென்யோரா காயத்தால பாதி சீசனுக்கு அருகில் ஆடவே இல்லை. ஜஸ்டின் டக் கழுத்து வலியோட போராடிக்கிட்டு இருந்தார். அந்த ஓட்டையை மேனிங்கோட கை அடைச்சது: நாலாவது குவார்ட்டர்ல மட்டும் 15 டச்டவுன் பாஸ், அப்போ அது என்எஃப்எல் சாதனை. உமென்யோரா திரும்பி வந்த கடைசி லீக் ஆட்டத்துல டல்லஸை 31-14னு ஜெயிச்சு, டிவிஷன்ல முதல் இடம் பிடிச்சு, பிளேஆஃப்க்குள்ள போனாங்க.

விதியும் உதவுச்சு. நாலு அணி கொண்ட டிவிஷன்ல முதல் இடம்னா நேரா உள்ளே. இவங்க டிவிஷன்ல மத்த யாரும் 8 வெற்றியைத் தாண்டல. அதே வருஷம் அதே 9-7 எடுத்த டென்னசி டைட்டன்ஸ் வீட்டுக்குப் போச்சு.

பிளேஆஃப்ல அட்லான்டாவை 24-2. 15-1னு வந்த பேக்கர்ஸை அவங்க மைதானத்துலயே 37-20. சான் ஃபிரான்சிஸ்கோவை ஓவர்டைம்ல 20-17. அங்கே எதிரணி வீரர் ரெண்டு பன்ட்டைக் கோட்டை விட்டது பெரிய உதவி. 2012 பிப்ரவரி 5, இண்டியானாபோலிஸ்: பேட்ரியட்ஸ் தோல்வி, 21-17.

என்னைக் கேட்டா, அந்த வருஷம் முழுக்க நல்லா ஆடின அணி பேக்கர்ஸ். ஜனவரியில நல்லா ஆடின அணி ஜயன்ட்ஸ். லீக் ஒரு கேள்வி, நாக் அவுட் வேற கேள்வி. கோப்பை கொடுக்கிறது ரெண்டாவது கேள்விக்கு மட்டும்தான். டிசம்பர் முதல் வாரத்துல கஃப்லினை அனுப்பியிருந்தா, அந்தக் கேள்வியை எழுதவே ஜயன்ட்ஸ் போயிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

நீங்க யார் பக்கம்? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.