கட்டண வேலிக்குள் குத்துச்சண்டைக் கோதா

1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். அன்று ஸாயிர் என வழங்கப்பட்ட காங்கோ நாட்டின் தலைநகர் கின்ஷாஸா. நேரம் பின்னிரவு நான்கு மணி. ஸுப்ஹுத் தொழுகையின் பாங்கொலி எழவும் இன்னும் நேரமிருந்தது. உலகம் உறங்கும் அவ்வேளையில் அந்நகரத்து மைதானத்தில் ஏறத்தாழ அறுபதாயிரம் மக்கள் விழித்திருந்தனர். நடுவே கயிறு கட்டிய மேடையில் முஹம்மது அலி அவர்களும் ஜார்ஜ் ஃபோர்மனும் எதிரெதிரே நின்றனர்.

எட்டாம் சுற்றில் அலி வென்றதை உலகறியும். நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. எந்த ஊரில், எந்த விளையாட்டைப் பின்னிரவு நான்கு மணிக்குத் தொடங்குவார்கள்? கின்ஷாஸாவில் நான்கு மணியென்றால் நியூயார்க்கில் முதல் நாள் இரவு பத்து மணி. அங்கே திரையரங்குகளிலும் கூடங்களிலும் கட்டணம் செலுத்தி அமர்ந்திருந்தவர்களின் வசதிக்காகவே ஆப்பிரிக்காவின் கடிகாரம் திருத்தப்பட்டது. வீரர் இருவருக்கும் தலைக்கு 50 இலட்சம் டாலர். அப்பணத்துக்குத் துணைநின்றது ஸாயிரின் அதிபர் மொபுட்டுவின் அரசு. அதனை ஈட்டித் தர வேண்டியதோ கடலுக்கு அப்பாலிருந்த திரை. மேடையைச் சுற்றியிருந்த அறுபதாயிரம் பேரும் அந்தத் திரைக்கு ஒரு பின்னணியாகவே அமைந்தார்கள் என்றால் மிகையன்று.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிக் காண்போம்.

குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் பல இருப்பினும், 'ஹெவிவெயிட்' எனும் பேரெடைப் பிரிவின் வாகையரே உலகின் வல்லவராகப் போற்றப்பட்டு வந்தார். 1921ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜெர்ஸி நகரில் ஜாக் டெம்ப்ஸியும் பிரான்சு நாட்டுக் கார்ப்பெந்தியேயும் பொருதியபோது, நுழைவுச் சீட்டு விற்பனை மட்டும் 17 இலட்சம் டாலரைத் தாண்டியது. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதற்போட்டி அதுவே. அப்போட்டியை வானொலியும் ஒலிபரப்பிற்று. 1938 ஜூன் 22ஆம் நாள் கறுப்பினத்து ஜோ லூயிஸ், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வந்த மாக்ஸ் ஷ்மெலிங்கை இரண்டு நிமிடம் நான்கு நொடியில் வீழ்த்திய செய்தியை அமெரிக்காவில் மட்டும் ஏழு கோடிப் பேர் வானொலி வழியே கேட்டனர் என மதிப்பிடுவர். அதற்கென்று தனிக்கட்டணம் எவரும் கொடுத்தாரல்லர். சவர அலகு விற்கும் ஜில்லெட் போன்ற நிறுவனங்களின் விளம்பரமே வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் குத்துச்சண்டைக்குச் சோறிட்டது.

தொலைக்காட்சி தோன்றியபோது ஒளிபரப்புவோருக்குக் குத்துச்சண்டையைப் போல் உகந்த பொருள் வேறில்லை. சிறிய மேடை, இரண்டே ஆட்கள், ஒன்றிரண்டு காமிராக்கள் போதும். வெள்ளிக்கிழமை இரவு தோறும் வீட்டுக்குள்ளேயே சண்டை வந்தது. அப்புறம் யார் எழுந்து, மழையில் நனைந்து, பக்கத்துத் தெருவின் சிறு மன்றத்துக்குச் சென்று சீட்டு வாங்குவார்? இளம் வீரர்கள் பயின்று வளர்ந்த நாற்றங்கால்களாகிய அச்சிறு மன்றங்கள் 1950களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குத்துச்சண்டையின் செல்வாக்கைக் கட்டணத் தொலைக்காட்சியே அழித்தது என்று கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். முதற்கேடு கட்டணத்தால் வந்ததன்று. அளவற்ற இலவசத்தால் வந்தது. 1962இல் பென்னி பாரெட் எனும் வீரர், நாடெங்கும் பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றோரம் சிக்கி அடிபட்டு நினைவிழந்து, சில நாட்களில் உயிர் துறந்தார். வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு மனிதனின் சாவைக் கண்ட மக்களின் உள்ளம் கசந்தது. வாரந்தோறும் நடந்த ஒளிபரப்பு 1964இல் நின்றது.

இதற்கிடையே வேறொரு வழி திறந்திருந்தது. 1951 ஜூனில் ஜோ லூயிஸும் லீ ஸாவோல்டும் மோதிய காட்சியை வீடுகளுக்கு அனுப்பாமல், கம்பி வழியே சில நகரங்களின் திரையரங்குகளுக்கு மட்டும் அனுப்பிக் கட்டணம் வாங்கினர். 'குளோஸ்டு சர்க்யூட்' என்பது அதன் பெயர். பொதுவழிக் கிணற்றைச் சுற்றிச் சுவரெழுப்பி வாயிலில் காவலாளியை நிறுத்தியது போன்ற ஏற்பாடு. 1964 பிப்ரவரி 25ஆம் நாள் மயாமி கடற்கரையில் காஸியஸ் கிளே எனும் இளைஞர் ஸன்னி லிஸ்டனை வென்றபோது மண்டபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கைகள் காலி. ஆயினும் வருமானம் குன்றவில்லை. அது திரையரங்குகளிலிருந்து வந்தது. மண்டபத்தின் வாயில் வருவாய் அற்பமாகவும், திரையின் வருவாய் பெரிதாகவும் ஆனபின், திரை யார் கையிலோ சண்டையும் அவர் கையில் என்றாயிற்று.

இந்த உண்மையை உணர்ந்தவர்களுள் முதல்வரிசையில் நிற்போர் முஸ்லிம்கள் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. லிஸ்டனை வென்ற மறுநாளே தம் மார்க்கத்தை வெளிப்படுத்திய அலி, 1966 ஜனவரியில் 'மெயின் பவுட்' எனும் நிறுவனம் தோன்றியதை அறிவித்தார். தம் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை விற்பதே அதன் பணி. எலிஜா முஹம்மதின் மகனும் அலியின் மேலாளருமான ஹெர்பர்ட் முஹம்மது, ஜான் அலி, கால்பந்து வீரர் ஜிம் பிரவுன், வழக்கறிஞர் பாப் ஆரம், ஒளிபரப்புத் தொழிலர் மைக் மாலிட்ஸ் ஆகியோர் அதில் சேர்ந்தனர். எலிஜா முஹம்மதின் இயக்கக் கொள்கைகள் சிலவற்றை அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தினர் ஏற்க இயலாது என்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். அலி அவர்களும் 1975க்குப்பின் வாரித் தீன் முஹம்மதைப் பின்பற்றி நேரிய வழிக்கு வந்தார்கள். அது வேறு செய்தி. அடிபட்டவர் கறுப்பர், ஆதாயம் பெற்றவர் வேறொருவர் என்றிருந்த ஒரு தொழிலில், காட்சியின் உரிமையைக் கறுப்பின மக்களே பெற முயன்றது சிறிய காரியமன்று.

அம்முயற்சியை நசுக்கச் சில வாரங்களே போதுமானவையாயின. பிப்ரவரியில், வியத்நாம் மக்களோடு தமக்குப் பகையேதும் இல்லை என அலி கூறினார். எர்னி டெரலோடு சிகாகோவில் நடக்கவிருந்த போட்டிக்கு இல்லினாய் அதிகாரிகள் முட்டுக்கட்டையிட்டனர். மன்னிப்புக் கேட்குமாறு எதிர்பார்த்த ஆணையத்தின் முன் அலி மன்னிப்புக் கேட்கவில்லை. நகரம் நகரமாகக் கதவடைத்தபின், கனடாவின் டொரான்டோவில் மார்ச் 29ஆம் நாள் ஜார்ஜ் சுவாலோவோடு அவர் மோதினார். சண்டை நடந்தது, ஆனால் அமெரிக்கத் திரையரங்குகள் பல அதனைக் காட்ட மறுத்துவிட்டன. எதிர்பார்த்த வருவாயில் ஒரு சிறு பகுதியே தேறியது. வேலி போட்டவன் அலியாக இருக்கலாம். வேலிக்கு நிலம் தந்தவன் வேறொருவன் என்பது அன்று புலப்பட்டது. 1967 ஏப்ரல் 28ஆம் நாள் படையில் சேர மறுத்ததும் பட்டமும் பறிபோயிற்று. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1971 ஜூன் 28ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக நீக்கும்வரை அவர் தலைமேல் வாள் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே, அதே ஆண்டு மார்ச் 8ஆம் நாள், ஜோ ஃப்ரேஸியரோடு அவர் மோதிய முதற்போட்டி நடந்தது. இருவருக்கும் தலைக்கு 25 இலட்சம் டாலர். அக்காலத்தில் கேட்டிராத தொகை. பதினைந்து சுற்றுகளின் இறுதியில் அலி தோற்றார். அமெரிக்கர் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் அதனைக் காண வழியில்லை. கடல் கடந்த பல நாடுகளிலோ மக்கள் வீட்டிலிருந்தே கண்டனர். சிகாகோவின் பழைய கூடமொன்றில் திரைக் கருவி பழுதாகிக் காட்சி நின்றபோது, பணம் கொடுத்து வந்த கூட்டம் கலவரத்தில் இறங்கிற்று. காட்சியைச் சரக்காக்கினால், சரக்குக் கெட்டபோது வாங்கியவன் சும்மா இருப்பானா?

1975 அக்டோபர் முதல் நாள் மணிலாவில், காலைப்பொழுதின் கடும் வெப்பத்தில், அவ்விருவரும் மூன்றாம் முறை மோதினர். இங்கும் கடிகாரம் அமெரிக்க இரவுக்காகவே அமைக்கப்பட்டது. எச்.பி.ஓ. எனும் கட்டண நிறுவனம் அன்று அதனைச் செயற்கைக்கோள் வழியே பெற்றுக் கம்பி இணைப்பு பெற்ற வீடுகளுக்குத் தந்தது. திரையரங்கின் வாயிலில் நின்ற காவலாளி வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்த நாளென அதனைச் சொல்லலாம். நம் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்து அப்போது ஆறு வாரங்களே ஆகியிருந்தன. அலி நமக்குச் செய்தித்தாளின் படமும் எழுத்துமாகவே இருந்தார். 1980இல் அவரே சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோதுதான் தமிழர்கள் அவரை நேரில் கண்டனர்.

வேலியில்லாத கோதா எப்படியிருக்கும் என்பதற்கும் அலியே சான்று. 1978 செப்டம்பர் 15ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸில் லியான் ஸ்பிங்க்ஸை வென்று மூன்றாம் முறை பட்டம் பெற்ற காட்சி, ஏ.பி.சி. நிலையத்தில் இலவசமாக வந்தது. பார்த்த அமெரிக்கர் ஒன்பது கோடி என மதிப்பிடப்பட்டது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1980களில், ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு மட்டும் குறிப்பிட்ட காட்சியைத் திறந்துவிடும் கருவிகள் பரவின. தொலைபேசியில் சொன்னால் போதும். பெட்டியின் பூட்டு அவ்விரவுக்கு மட்டும் திறக்கும். மாதக் கணக்கில் தொகை ஏறும். இதுவே 'பே பெர் வியூ'. வசூலில் ஏறத்தாழப் பாதி கம்பி நிறுவனத்துக்கும் எஞ்சியது சண்டையை நடத்துவோருக்கும் என்பது பொதுவழக்கு. 1991 ஏப்ரலில் எச்.பி.ஓ. இதற்கெனத் தனிக்கிளை தொடங்கி, இவாண்டர் ஹோலிஃபீல்டும், நாற்பதைக் கடந்த ஃபோர்மனும் மோதியதை ஏறத்தாழ 14 இலட்சம் வீடுகளுக்கு விற்றது. சிறைமீண்ட மைக் டைசன் 1995இல் பீட்டர் மெக்நீலியை 89 நொடியில் முடித்த காட்சிக்கும் மக்கள் ஐம்பது டாலரளவில் கொடுத்தனர். 1997 ஜூன் 28ஆம் நாள் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்துத் தகுதியிழந்த போட்டியை வாங்கிய வீடுகள் 19.9 இலட்சம். வீட்டுக்குப் பத்துப் பேர் கூடியிருந்தனர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் இரண்டு கோடியை எட்டாது. முன்சொன்ன ஒன்பது கோடி எங்கே, இது எங்கே! ஆயினும் அவ்விரவு ஹோலிஃபீல்ட் பெற்றது 350 இலட்சம் டாலர், டைசன் பெற்றது 300 இலட்சம்.

கூட்டம் குறைந்தது, பணம் பெருகிற்று. ஏழையின் மகன் வியந்து பார்த்துத் தானும் கையுறை மாட்ட விரும்பிய காட்சி, கட்டணம் கொடுக்க இயன்றவனின் கூடத்துக்குள் அடைபட்டது. டெம்ப்ஸியையும் லூயிஸையும் அறியாத அமெரிக்கர் அக்காலத்தில் இல்லை. இக்காலத்து ஹெவிவெயிட் வாகையரின் பெயரைத் தெருவில் கேட்டுப் பாருங்கள். பூட்டுப் போட்டவர்களும் நிலைக்கவில்லை. எச்.பி.ஓ. 2018 இறுதியில் குத்துச்சண்டையைக் கைவிட்டது. அதன் போட்டியாளரான ஷோடைம் 2023 இறுதியில் விலகிற்று.

இனி ஒரு நெருடல். ஹதீஸ் பாடத்தில், சண்டையிட நேர்ந்தாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த நபிமொழி வரும்போதெல்லாம், மாணவர்களில் ஒருவன் எழுந்து, "உஸ்தாத், அப்படியானால் முஹம்மது அலி?" என்று கேட்பான். ருக்கானா எனும் மல்லரோடு பெருமானார் அவர்கள் மற்போர் புரிந்த செய்தியை அடுத்தவன் எடுத்து வைப்பான். மற்போர் வேறு, முகத்தையும் மூளையையும் குறிவைக்கும் குத்து வேறு என்பதே என் விடை. 1987ஆம் ஆண்டு மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றமும் குத்துச்சண்டை கூடாதெனத் தீர்மானித்தது; அதனைத் தொலைக்காட்சியில் காட்டுவதையும் விலக்கிற்று. அலி அவர்களுக்குப் பார்கின்ஸன் நோய் இருப்பது 1984இல் கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3ஆம் நாள் இறையடி சேரும்வரை அந்த நடுங்கும் கரங்களை உலகம் கண்டது. அவர் கொள்கைக்காகப் பட்டத்தைத் துறந்ததை நான் மாணவருக்குச் சொல்வேன். அவர் குத்தியதைப் பின்பற்றச் சொல்லேன். இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பது எனக்கு எளிதாக இருந்ததில்லை.

மக்காவில் அத்தீர்மானம் நிறைவேறி 37 ஆண்டுகள் கழிந்தபின், 2024 மே திங்களில், ஹெவிவெயிட்டின் பட்டங்கள் அனைத்தையும் ஒருவரே பெறும் போட்டி நடந்தது. 1999க்குப்பின் அத்தகைய போட்டி அதுவே முதல். உக்ரைனின் உசிக் பிரிட்டனின் டைசன் ஃபியூரியை வென்றார். நடந்த இடம் ஸவூதி அரேபியாவின் ரியாத். வீரர்கள் மேடையேறியபோது அங்கே நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணி. இலண்டனில், பெட்டிக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு, இரவு பதினொன்று.