மலிவுக் காசின் மதிப்பு

பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் சாக்கு விரித்துப் பழங்காசு விற்பவர்களிடம் நான் தேடுவது செப்புக்காசுகளைத்தான்: ராஜராஜன் பெயர் பொறித்த தேய்ந்த சோழக்காசு, கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு. விலை சொற்பம். ஆனால் மலிவான காசுக்குத்தான் ஆபத்து அதிகம். அதை உருக்கினால் கேட்க ஆளில்லை.

செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த சங்ககால ஈயக்காசுகள் அப்படி உருகிப் போயிருந்தால், அவற்றில் தமிழி எழுத்தில் உள்ள சேந்தன் என்ற பெயரும் அழிந்திருக்கும். மலைபடுகடாம் போற்றும் நன்னனின் நாடு இது. அந்த நாட்டுக்குச் சாட்சி சொல்வது தங்கமல்ல, ஈயம்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரும். ஈயத்துக்கு அது எவ்வளவு தேறும்? கண்டெடுத்தவர் பழைய இரும்புக் கடையை நாடுவது இதனால்தான்.

எனவே, மண் ஒட்டிய காசை நான் வாங்குவதில்லை. "தாலுகா ஆபீசுல சொல்லிடுங்கண்ணே" என்பேன். அரிய காசு கண்ணில் பட்டால், அது இன்னதென்று விற்பவருக்குச் சொன்ன பிறகே விலை கேட்பேன். பேரம் பேசுவது தவறல்ல. அடுத்தவர் அறியாமையில் லாபம் பார்ப்பதே தவறு.