செயற்கைத் தாய்
குஞ்சு வளர்ப்பின் வரலாற்றில் ஓர் ஏடு

கோழி முட்டை 21 நாளில் குஞ்சாகும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்ததே. அந்த 21 நாள் வெப்பத்தைத் தாய்க்கோழி இன்றியே தருவதற்கு மனிதன் பண்டைக் காலத்திலேயே வழி கண்டான். ஆயின், ஓட்டை உடைத்து வெளிவந்த குஞ்சைத் தாயின்றிக் காப்பது எங்ஙனம் என்னும் வினா நெடுங்காலம் விடையின்றியே கிடந்தது. வரலாற்று நூல்கள் பொரிக்கும் கலையைப் பேசும் அளவுக்குக் காக்கும் கலையைப் பேசுவதில்லை. அது நேர்மையன்று, பொரித்தவற்றுள் பிழைத்தவையன்றோ கணக்கில் சேரும்!

கி.மு. 4-ஆம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில், எகிப்தியர் முட்டைகளைச் சாணக் குவியலிற் புதைத்துப் பொரிப்பித்தனர் எனக் குறித்துள்ளார். பிற்காலத்தில் அந்நாட்டார் ஆயிரக்கணக்கான முட்டைகள் கொள்ளும் செங்கற் சூளைகளை அமைத்தனர். அவர்களிடம் வெப்பமானி இல்லை. முட்டையைக் கண்ணிமையின் மீது ஒற்றிப் பார்த்தே வெம்மையை அளந்தறிந்தனர். 14-ஆம் நூற்றாண்டில் மாண்டவில் என்பார் பெயரால் வழங்கிய பயண நூலிலும் இச்செய்தி உண்டு. அவர் அந்நாடுகளுக்கெல்லாம் சென்றவர்தாமா என்பதே ஐயத்திற்குரியது. எனினும் அந்நூல் கூறும் ஒரு செய்தி கருதத்தக்கது. பெண்டிர் முட்டைகளைக் கொணர்ந்து தந்து, மூன்று நான்கு வாரங்கள் கழித்து வந்து குஞ்சுகளைப் பெற்றுச் சென்று வளர்த்தனராம். அதாவது, பொரிப்பது சூளைக்காரர் தொழில். காப்பது இல்லத்துப் பெண்டிர் பொறுப்பு. வெப்பம் மிகுந்த அந்நாட்டில் கதிரவனும் அவர்க்குத் துணை நின்றான்.

குளிர்நாட்டில் அவ்வாறு இயலாது. புதிதாய்ப் பொரித்த குஞ்சின் மெல்லிய தூவி உடற்சூட்டைக் காத்து நிற்பதன்று. சிறகு முளைத்து வரும்வரை தன் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்த அதனால் ஆகாது. முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின்பு வாரந்தோறும் மூன்று பாகை அளவாகக் குறைத்து வரலாம். குளிர் தாக்கினால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கும். அடியிற் கிடப்பவை மூச்சுமுட்டி மடியும். சூடு மிகுந்தாலோ வாய் திறந்து இளைத்து, விலகி ஓடும். பஞ்சாரத்துள் குஞ்சுகளைச் சிறகடியிற் கொண்டு அமர்ந்திருக்கும் தாய்க்கோழி, இவ்வளவையும் எவ்வித அளவுகோலுமின்றிச் செய்துவிடுகிறது.

இவ்வருமையை உணர்ந்து, தாய்க்கு ஈடாக ஒரு கருவி சமைக்க முனைந்தவர் பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் (1683–1757). பூச்சியினங்களைப் பற்றி ஆறு பெருந்தொகுதிகள் எழுதியவர்; நீர் உறையும் நிலை 0, கொதிக்கும் நிலை 80 எனக் கொண்ட வெப்பமானியைத் தந்தவர். எந்தப் பருவத்திலும் வீட்டுப் பறவைகளைப் பொரிப்பித்து வளர்க்கும் கலை குறித்து 1749-இல் நூலொன்று வெளியிட்டார். எகிப்தியரின் திறம் ஐரோப்பிய உழவரின் கைக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் அவா.

பீப்பாய்களைக் குதிரைச் சாணத்திற் புதைத்து, அவற்றுள் முட்டைக் கூடைகளை இறக்கினார். முதன்முயற்சிகள் தோற்றன. சாணத்தின் ஈர ஆவி உள்ளே புகுந்து கருவைக் கெடுத்தது. பீப்பாயின் உட்புறத்தைப் பூசி அடைத்து, காற்றுத் துளைகளைச் சீர்செய்த பின்னரே வெற்றி கிட்டியது. ரொட்டிச் சூளையின் வெம்மையையும் பயன்படுத்திப் பார்த்தார். வெப்பமானி வாங்க இயலாத சிற்றூராருக்காக அவர் சொன்ன வழி இனியது: வெண்ணெயும் கொழுப்பும் கலந்து சிறு குப்பியில் இட்டு வைத்தால், அக்கலவை உருகும் நிலையைக் கொண்டே சூட்டை அறியலாம்!

குஞ்சுகள் பொரித்தன; அவற்றைக் காப்பது யார்? காயடித்த சேவல்களைப் பழக்கிக் குஞ்சுகளை மேய்க்கவிட்டதும் உண்டு. ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தத்தக்கது ‘செயற்கைத் தாய்’ என அவர் அழைத்த பெட்டியே. அதன் உட்புறம் முழுதும் கம்பளி மயிரோடு கூடிய ஆட்டுத்தோல். மேற்புறம் எழுதுமேசையின் பலகைபோற் சாய்ந்திருக்கும். ஆகவே சிறு குஞ்சு தாழ்ந்த பக்கத்திலும் வளர்ந்த குஞ்சு உயர்ந்த பக்கத்திலும் தன் முதுகு மயிரில் உராயுமாறு நிற்கலாம். தாயின் வயிற்றடியில் ஒடுங்குவது போன்றதே இது. வெம்மை சாணத்திலிருந்து வந்தது. பெட்டியின் கடை திறந்திருப்பது நலம். நெருக்குண்ட குஞ்சு அவ்வழியே தப்பிவிடும். பெட்டிக்கு முன்னே ஓடியாடவும் இரை பொறுக்கவும் வலையிட்ட கூண்டு. ஆட்டுத்தோலும் சில பலகைகளும் எருவும் தவிர இதற்கு வேறு செலவில்லை. பேரறிஞர் ஒருவர் குஞ்சின் உயரத்தை எண்ணிக் கூரையைச் சாய்த்தார் என்பது, அவரது வெப்பமானியினும் வியக்கத்தக்கதன்றோ!

ஆனால் அவர் எண்ணியவாறு உழவர் இல்லந்தோறும் அப்பெட்டி புகவில்லை. எருவின் சூடு ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை. அதை இரவு பகலாய்க் காத்திருக்க ஆள் வேண்டும். அடைகோழியோ செலவின்றிக் கிடைத்தது. பின்னர் 1777-இல் பொன்மேன் என்னும் பிரெஞ்சுக்காரர், சுழன்றோடும் வெந்நீராலும் சூட்டைத் தானே சீர்ப்படுத்தும் கருவியாலும் இக்குறையை நீக்கினார். அவர் வளர்த்த கோழிகள் பாரிசு நகர அங்காடிக்குச் சென்றன; 1789-இன் புரட்சி அத்தொழிலை வீழ்த்தியது.

அடுத்த பெரிய திருப்பம் அறிஞரால் அன்று, ஒரு பிழையால் நேர்ந்தது. 1923-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து ஓசன் வியூ என்னும் சிற்றூரில் சிசீல் ஸ்டீல் என்னும் இல்லத்தரசி, முட்டைக்காக 50 குஞ்சுகள் வேண்டினார், வந்தவையோ 500! அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை. பியானோ வந்த வெறும் பெட்டி ஒன்றில் அடைத்துக் காத்தார். 16 அடிச் சதுரத்தில் கொட்டகை எழுந்ததும் அங்கு மாற்றினார். 18 வாரங்கள் கழித்து விற்பனைக்கு எஞ்சியவை 387. அவற்றைப் பவுண்டு 62 காசு வீதம் இறைச்சிக்கு விற்றார். மறு ஆண்டு 1,000 குஞ்சுகள் வாங்கினார். 1926-இல் 10,000 பறவைகள் கொள்ளும் கொட்டகை அவருடையதாயிற்று. முட்டைக்கெனக் கோழி வளர்த்துவந்த அக்கடலோரம், சில ஆண்டுகளில் இறைச்சிக் கோழித் தொழிலின் பிறப்பிடமாயிற்று. அச்சிறு கொட்டகை 1974-இல் அமெரிக்க வரலாற்றிடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பின்னர் டோவர் நகரத்து வேளாண்மை அருங்காட்சியகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது.