ஒரு நிலையத்தின் அலை பக்கத்து அலைவரிசைக்குள் எப்படி நுழைகிறது? அதைத் தடுப்பது எப்படி?

கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் கூட்டினால் பாட்டு கரகரன்னு கேட்கும். பாட்டிலேயே இல்லாத அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரிடமிருந்துதான். தன் எல்லையை எட்டியதும் அது ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது.

வானொலி நிலையத்திலும், கைத்தொலைபேசிக் கோபுரத்திலும் இதே கதைதான். அங்கே ஆன்டெனாவுக்கு முன்னால் இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர், சின்ன சமிக்ஞையை வாங்கிப் பெரிதாக்கி அனுப்புகிறது. ஒரு வித்தியாசம்: மண்டபத்துக் கரகரப்பு மண்டபத்தோடு போச்சு. இந்தக் கரகரப்போ வேறொருவருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் போய் விழும்.

இல்லாத அலை எப்படிப் பிறக்கிறது?

உள்ளே போவது இரண்டு மடங்கானால் வெளியே வருவதும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். எந்த ஆம்ப்ளிஃபையரும் கடைசிவரை அப்படி நடப்பதில்லை. அந்தக் கோணல்தான் புது அலைகளை உண்டாக்குகிறது.

ஒரே ஓர் அலை உள்ளே போனால் அதன் மடங்குகள் பிறக்கும். 96.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் ஒரு நிலையத்துக்கு 193.6, 290.4 என்று போகும். இவை தூரத்தில் இருப்பதால் ஒரு வடிகட்டி போட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு அலைகள் ஒரே ஆம்ப்ளிஃபையருக்குள் சந்தித்தால்தான் சிக்கல். ஒன்றை இரட்டிப்பாக்கி மற்றதைக் கழித்தால் வரும் இடத்தில் ஒரு புது அலை முளைக்கும். ஒரு பேச்சுக்கு, பக்கத்தில் 103 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 206-இலிருந்து 96.8 போனால் 109.2. எஃப்எம் 108-இல் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் 112 வரை உள்ள பகுதியில்தான், தரையிறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகியிருக்கிறதா வலப்பக்கமா என்று காட்டும் சமிக்ஞை வருகிறது. அதனால் இது பாட்டு கெட்டுப்போகும் விஷயம் மட்டும் இல்லை.

இரண்டு நிலையங்கள் எப்படிச் சந்திக்கும்னு கேட்கலாம். கோலாலம்பூர் கோபுரம், கெந்திங் பக்கம் உள்ள குனோங் உலு காலி, சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் போன்ற இடங்களில் பல நிலையங்கள் ஒரே இடத்திலிருந்து ஒலிபரப்புகின்றன. ஒன்றின் அலை இன்னொன்றின் ஆன்டெனா வழியாகப் பின்பக்கமாக இறங்கி, அதன் ஆம்ப்ளிஃபையருக்குள் புகுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் தன் அலையை மட்டும் அனுமதிக்கும் உலோக அறை வடிகட்டி பொருத்துகிறார்கள். பார்க்க அண்டா மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் வெறும் காற்றுதான்.

4ஜி, 5ஜி வந்தபோது மாறியது என்ன?

எஃப்எம் அலையின் உயரம் மாறாது. அதனால் ஆம்ப்ளிஃபையரை எல்லைவரை விரட்டலாம். 4ஜி, 5ஜி அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான சின்ன அலைகளின் கூட்டு அது. அவை எப்போதாவது ஒன்றாக எழும்பினால், உச்சத்தின் சக்தி சராசரியைப் போல் சுமார் 10 மடங்காகிவிடும். அந்த உச்சி வெட்டுப்பட்டால் கழிவு தூரத்தில் போய் விழாது, பக்கத்துத் தடத்திலேயே விழும். ஒட்டியே இருப்பதை வடிகட்டியால் பிரித்தெடுக்க முடியாது. பிறக்கும் இடத்திலேயே தடுத்தாக வேண்டும்.

விதியும் கடுமை. கோபுரத்திலிருந்து பக்கத்துத் தடத்தில் கசிவது 45 டெசிபெல் குறைவாக இருக்க வேண்டும். அதாவது 30,000-இல் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் கைத்தொலைபேசிக்குக் கொஞ்சம் சலுகை, 4ஜியில் 30 டெசிபெல், 1,000-இல் ஒரு பங்கு.

எளிய வழி, ஆம்ப்ளிஃபையரை அடக்கி ஓட்டுவது. உள்ளே போவதை 1 டெசிபெல் குறைத்தால், மேலே சொன்ன வகைக் கழிவு 3 டெசிபெல் குறையும். கேட்க லாபமாகத்தான் தெரிகிறது. ஆனா அடங்கி ஓடும் ஆம்ப்ளிஃபையர் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கி வீணடிக்கும். நம்ம ஊர் வெயிலில் அதைக் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். நிறுவனங்கள் இதை மட்டும் நம்பி இருக்காததற்குக் காரணம் இந்த பில்தான்.

கழிவைக் கழித்துவிடும் யோசனை பழசு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹரால்ட் பிளாக், தொலைபேசிக் கம்பிகளில் பேச்சு சிதைவதைத் தடுக்கப் பல வருஷம் முயன்றார். 1927 ஆகஸ்ட் 2, வேலைக்குப் போகும் ஃபெரியில் விடை பிடிபட்டது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே வரைந்துவிட்டார்: வெளியே வருவதில் கொஞ்சம் எடுத்து உள்ளே போவதற்கு எதிராகத் திருப்பிவிட்டால், பிழை தானே சுருங்கும்.

வானொலி அதிர்வெண்ணில் அந்தச் சுற்றுக்கு நேரம் போதாது. இன்றைய கோபுரங்கள் அதனால் முன்கூட்டியே செயல்படுகின்றன. இந்த ஆம்ப்ளிஃபையர் உச்சியை இவ்வளவு நசுக்கும் என்று தெரிந்தால், அனுப்பும் முன்பே உச்சியை அவ்வளவு நீட்டிவிடுவது. இரண்டு கோணலும் சேர்ந்து நேராகிவிடும். இதற்குப் பெயர் டிஜிட்டல் முன்சிதைப்பு. சூடானாலும் பழசானாலும் ஆம்ப்ளிஃபையரின் குணம் மாறுமே? அதற்காக வெளியே வருவதைத் தொடர்ந்து மாதிரி எடுத்து ஒப்பிட்டு, திருத்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அகலமான 5ஜி தடத்துக்கு, கழிவு பரவும் 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை கவனிக்க வேண்டியிருக்கும். முழு எல்லையைத் தாண்டிய உச்சியை எந்த முன்திருத்தமும் காப்பாற்றாது. அதை முதலிலேயே பக்குவமாகக் குறைத்துவிடுகிறார்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சிக்னல் பூஸ்டர்களில் இத்தனை ஏற்பாடும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதுவும் ஓர் ஆம்ப்ளிஃபையர்தான். உங்க வீட்டில் கோடுகள் கூடலாம், ஆனால் பக்கத்து புளோக்கில் அழைப்பு துண்டிக்கப்படலாம். வாங்குவதற்கு முன் சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடமோ, மலேசியாவில் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமோ அந்தக் கருவிக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.