கூத்து ஆய்வுப் பொருளான கதை

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் வந்து நின்று, "சார், உங்களுக்கு பிரெஞ்சு தெரியும்னு சொன்னாங்க" என்றான். மலைக்குள் இருக்கும் ஒரு சிற்றூர்க்காரன். நாடகத்தில் எம்.ஏ. படிக்கிறானாம். அவன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கையில் நாலு பக்கம் ஜெராக்ஸ். "இதுல நம்ம கூத்தைப் பத்தி எழுதியிருக்காங்களாம் சார். என்னன்னு சொல்ல முடியுமா?"

சின்ன வயதில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அதன் பிறகு உத்தியோக காலம் முழுவதும் தமிழ்க் கோப்புகளோடுதான் போயிற்று. அந்த பிரெஞ்சுக்கு இந்த மலையில் ஒரு வேலை வரும் என்று நினைத்ததே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

பாரிஸுக்குப் பக்கத்தில் வன்சேன் காட்டில் 'தேயாத்ர் து சொலேய்' என்று ஒரு நாடகக் குழு இருக்கிறது. தமிழில் சொன்னால் சூரிய நாடகக் குழு. அரியான் மனுஷ்கின் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் 1964-ல் ஆரம்பித்தது. 2016 நவம்பரில் அவர்கள் மேடையேற்றிய நாடகத்துக்கு 'இந்தியாவில் ஓர் அறை' என்று பெயர். அதில் பிரெஞ்சு நடிகர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு தமிழிலேயே பாடி, நம் பாரதக் கூத்தை ஆடினார்கள். சொல்லிக் கொடுத்தவர் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்தான். செய்யாறு பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தன். அடுத்த வருடம் அந்த நாடகம் நியூயார்க்குக்கும் போயிற்று.

பையன் முகம் மலர்ந்தது, உடனே வாடியும் போயிற்று. "தமிழகத் தெருக்கூத்தும் உலக நாடகமும்" என்று ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தானாம். பெரிதாக இருக்கிறது, சுருக்கிக்கொண்டு வா என்று திருப்பிவிட்டார்களாம். எதைச் சுருக்குவது என்று தெரியவில்லை.

"உங்க ஊர்ல கூத்து உண்டா தம்பி?" என்று கேட்டேன்.

"உண்டு சார். எங்க தாத்தாதான் வாத்தியார். ஆனா புரிசை மாதிரியெல்லாம் இல்ல. சின்னக் கூத்து."

அந்தச் 'சின்ன' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

கூத்து பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த வரலாறு ரொம்பப் பழையதல்ல. நம் வயதுக்காரர்கள் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் விடிய விடியப் பார்த்த காலத்தில், படித்தவர்கள் அதைக் கலை என்றே ஒத்துக்கொண்டதில்லை. 1970-களில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, நம்முடைய நாடகம் இதுதான் என்று எழுதவும் பேசவும் தொடங்கினார். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 1981-ல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது, அங்கே நாடகத்துக்கென்று ஒரு துறை அமைந்தது. 1980-களின் கடைசியில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி பொறுப்பில் நாடகப் பள்ளி தொடங்கியது. அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். அவர் 1922-ல் காலமானது பாண்டிச்சேரியில்தான்.

அதே காலத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வட்டாரத்தில் தொடங்கி, திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய புத்தகங்கள் எழுதினார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா கூத்தைச் சடங்காகவும் நாடகமாகவும் சேர்த்துப் பார்த்து எழுதிய புத்தகம் 1990-ல் வந்தது.

ஹாலந்து நாட்டு ஹன்னே டி புருயின் கேட்ட கேள்வி வேறு. ஒரே கூத்து, ஆடும் இடத்துக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி எப்படி மாறிக்கொள்கிறது? கர்ண மோட்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரதத் திருவிழாவிலும் ஆடுவார்கள், சாவு வீட்டுக் காரியத்திலும் ஆடுவார்கள். பாட்டு ஒன்றுதான் என்றாலும், கேட்பவர்கள் அழுவது வேறு வேறு காரணத்துக்காக. இவரும் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் இன்னொரு விவாதத்தையும் கிளப்பினார்கள். 'தெருக்கூத்து' என்ற பெயர் ஆட்டத்தைச் சிறுமைப்படுத்துகிறது, தோளிலும் தலையிலும் கட்டும் கட்டைகளை வைத்து 'கட்டைக்கூத்து' என்பதே சரி என்றார்கள். 1990-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய சங்கத்துக்கும் அந்தப் பெயரே அமைந்தது. இல்லை, தெருக்கூத்து என்பதே எங்கள் பெயர் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நான் பையனிடம் கேட்டேன். "உங்க தாத்தா இதை என்னன்னு சொல்வார்?"

"கூத்துன்னுதான் சார். தெருக்கூத்துங்கறதையே நான் காலேஜ்லதான் கேட்டேன்."

"இதையே முதல் பக்கத்துல எழுது" என்றேன்.

அவனுக்கு இன்னொருவர் கதையும் சொன்னேன். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960-களில் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைச் செப்பம் செய்து மேடையேற்றினார். அதில் 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு, மட்டக்களப்புக்காரர். பிற்பாடு அந்த மண்ணின் மரபுவழி நாடகங்களைப் பற்றியே ஆய்வு செய்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். காலில் சலங்கை கட்டியவரே கையில் பேனாவும் பிடித்தார். தன் ஊர்க் கூத்து சின்னது என்று அவர் ஒதுக்கியிருந்தால் அந்த ஆய்வு நமக்குக் கிடைத்திருக்காது.

இவர்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எவரும் 'உலக நாடகம்' என்று தொடங்கவில்லை. ஒரு கோயில், ஒரு வட்டாரம், ஒரு கேள்வி என்று தொடங்கினார்கள். உலகம் பிறகு வந்து சேர்ந்தது.

தாத்தாவிடம் கையெழுத்து நோட்டு இருக்கிறதாம். கர்ண மோட்சம் முழுவதும் அதில் உண்டு. "ஆனா இப்ப ஆடறப்ப அப்படியே பாடறதில்ல சார். நிறைய விட்டுடறாங்க, சிலதைச் சேத்துக்கறாங்க." கட்டியங்காரன் பேச்சு நோட்டில் ஒரு வரிகூட இல்லையாம். அதெல்லாம் அந்தந்த ராத்திரியில் வருவது.

"தலைப்பு கெடச்சுடுச்சே தம்பி" என்றேன். நோட்டில் இருப்பது என்ன, ராத்திரியில் ஆடுவது என்ன, எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது? ஒரு ஊர், ஒரு கூத்து, இரண்டு மூன்று ஆட்டங்கள். எம்.ஏ. ஆய்வுக்கு இது போதும்.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஆபீசில் கோப்பு வைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வந்த தாள்கள் ஒரு பக்கம், நம் குறிப்புகள் ஒரு பக்கம். பார்த்ததையும் நினைத்ததையும் கலக்கக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, இடம், யார் செலவில் நடந்தது, திரை பிடித்தது எத்தனை மணிக்கு, மிருதங்கம் யார், முகவீணை உண்டா அல்லது ஆர்மோனியம் மட்டும்தானா, எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். ரெக்கார்டிங் போடுவதற்கு முன்னால் ஆடுகிறவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். நோட்டு தாத்தாவுடையது. நகல் எடுத்த கையோடு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் வேலை பார்த்த காலத்தில், முடிந்த கோப்பின் மேல் 'ஆர்.டிஸ்.' என்று போட்டால் நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று அர்த்தம். 'எல்.டிஸ்.' என்று போட்டால் ஒரு வருடத்தில் அழித்துவிடலாம். எத்தனையோ தாள்கள் என் கையாலேயே அழிக்கப் போயிருக்கின்றன. 1980-களில் இந்த மலையில் ஒரு திருவிழா ராத்திரி, குளிரில் சாக்கை விரித்து உட்கார்ந்து நான் பார்த்த கூத்துக்கு இன்றைக்கு ஒரு தாள்கூட இல்லை. கர்ணன் விழுந்தபோது பக்கத்தில் ஒரு கிழவி விசும்பியது மட்டும் நினைவிருக்கிறது. வேஷம் கட்டியது யார், என்ன பாடினார், எதுவும் நான் குறித்து வைக்கவில்லை. ஊரார் தாள்களுக்கெல்லாம் நம்பர் போட்டவன், அதற்குப் போடவில்லை.

தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டதாம். வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டார். இன்னும் பாடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் மறுபடி வந்தான். தாத்தாவிடம் கேட்டானாம். நோட்டைத் தருகிறேன், ஆனால் முதலில் தாளம் போடக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் படித்தாலும் உனக்கு விளங்காது என்றாராம். இப்போது தினமும் சாயங்காலம் தாளம்.

நானும் அந்த நாலு பக்க பிரெஞ்சுக் கட்டுரையை முழுவதும் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கூத்துக்குத் தேதி வைத்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறான். போர்வையோடு இந்தத் தடவை ஒரு நோட்டும் எடுத்துப் போவதாக இருக்கிறேன்.