நீங்கள் போகாத வழக்கில் உங்கள் சம்பளம்

ரொறன்ரோவில் உறவினர்களுக்கு ஆங்கிலக் கடிதங்களை வாசித்து விளக்குவது என் வழக்கம். வருமான வரிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துகிறவர்கள் கூட்டு வழக்கு அறிவித்தலை விளம்பரம் என்று எறிந்துவிடுகிறார்கள். சிலருக்கு நீதிமன்றம் என்ற சொல்லே பயம். ஊரில் பட்டது அப்படி. ஆனால் அந்தக் கடிதம் உங்களைக் குற்றஞ்சாட்டுவதில்லை. அது கொடுபடாத சம்பளம் பற்றியதாகவும் இருக்கலாம்.

சீ.ஐ.பீ.சீ. வங்கி வழக்கைப் பாருங்கள். 2007இல் ரொறன்ரோவின் பெண் காசாளர் ஒருவர், தனக்கும் கனடா முழுவதுமுள்ள கிளை ஊழியர்களுக்குமாக அதைத் தொடுத்தார். கனடாவில் வங்கிகளுக்கு மத்திய அரசின் தொழிற்சட்டமே பொருந்தும். வாரம் 40 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். வங்கியோ, முன்கூட்டியே அனுமதி பெற்றால்தான் மேலதிக நேரக் கொடுப்பனவு என்றது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது யார் போய் அனுமதி கேட்பது? 2020இல் ஒன்ராறியோ நீதிமன்றம் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2023இல் 153 மில்லியன் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. வழக்கு சுமார் 31,000 பேருக்கானது.

இரு தரப்பும் ஒப்பமிட்டாலும் இணக்கம் செல்லாது. ஒன்ராறியோச் சட்டப்படி, அது நியாயமானது, உறுப்பினர்களின் நலனுக்கு உகந்தது என நீதிபதி அங்கீகரிக்க வேண்டும். காரணம் எளிது: பேரம் பேசிய மேசையில் அந்த ஊழியர்கள் இருக்கவில்லை. சட்டத்தரணிகளுக்கு விரைவில் கட்டணம் வேண்டும், கம்பனிக்கு வழக்கு முடிய வேண்டும். இருவரும் சேர்ந்து குறைந்த தொகைக்கு இணங்கிவிடலாம். ஆகவே வழக்கில் தோற்கும் அபாயம் எவ்வளவு, தொகை போதுமா, எத்தனை பேர் ஆட்சேபித்தார்கள் என்று நீதிபதி ஆராய்கிறார். சட்டத்தரணிகளின் கட்டணத்துக்கும் அவருடைய அனுமதி வேண்டும். நிபந்தனைகளைத் திருத்தியெழுத அவரால் முடியாது. ஏற்கலாம், அல்லது மறுக்கலாம்.

பலர் குழம்புவது இங்கேதான். விலகுவதும் ஆட்சேபிப்பதும் ஒன்றல்ல. விலகினால் பணமில்லை, தனியே வழக்குத் தொடரும் உரிமை உண்டு. ஆட்சேபித்தால் உள்ளேயே இருந்து, தொகை போதாது என்று நீதிபதிக்குச் சொல்கிறீர்கள். விலகும் காலம் பெரும்பாலும் முன்பே முடிந்திருக்கும். ஒன்றும் செய்யாதிருந்தால் தீர்வு உங்களையும் கட்டும். ஆனால் கோரிக்கைப் படிவம் கேட்கப்பட்டு அதை அனுப்பாவிட்டால் காசு வராது.

வேலை மாறியவர்களும் வீடு மாறியவர்களும் அறிவித்தலில் உள்ள நிர்வாகிக்குப் புதிய முகவரியைக் கொடுங்கள். கடைசித் தேதியை முதலில் பாருங்கள். பழைய சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள்.